ஆணியில் தொங்கிய கட்டை

அந்த மரக்கட்டையின் மேல் பாய்லர்காரருக்கு இருந்த ஆத்திரம் இத்தனை நாளாகியும் ஆறவில்லை. மனுஷன் மேல் கோபம் என்றால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். கட்டையை என்ன சொல்லித் திட்டுவது?

உள்ளங்கை அகலம்தான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற அந்தச் சலவை ஆலையில், இஸ்திரிக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். கூடத்தை விட்டு வெளியே போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கட்டை திரும்பி வரும்வரை மற்றவள் எவளும் மெஷினை விட்டு நகரக்கூடாது. மேஸ்திரி போட்ட சட்டம். ஒண்ணுக்குப் போனாலும் அதுதான், உயிர் போனாலும் அதுதான்.

அவருடைய அக்காவுக்கு அங்கேதான் வேலை. சுவருக்கு இந்தப் பக்கம் தம்பியும் பாய்லரும். நீராவி போதாவிட்டால் அக்கா குழாயில் ஒரு தட்டு தட்டுவாள். குறைக்கச் சொன்னால் இரண்டு தட்டு.

"நானும் என் தம்பியும் குழாய் வழியாத்தான் பேசிக்குவோம்" என்று சிரிப்பாள்.

அவள் மார்பில் பட்டாணி அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒருநாள் லீவு போட்டால், மறுநாள் அந்த மெஷினில் வேறொருத்தி நிற்பாள்.

"வண்டி வரட்டும்டா, பாத்துக்கலாம்" என்றாள்.

வண்டி என்றால், மார்பைப் படம் பிடித்துக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிற வண்டி. வருஷத்துக்கு ஒருதரம் ஆலை முற்றத்தில் வந்து நிற்கும். ஆபீஸ் பெண்களுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். கூப்பிட்டதும் போய்விட்டு வருவார்கள். இஸ்திரிக்காரிகளையும் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும், கையில் கட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா கட்டையோடு போய் நின்றாள். அவள் முறை நெருங்கும்போது கூடத்து வாசலிலிருந்து ஒரு குரல். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைத்தாச்சிப் பெண்.

"அக்கா... அடக்க முடியலக்கா."

அக்கா திரும்பி வந்து கட்டையை அவள் கையில் வைத்தாள். "போடி, ஓடிப்போய்ட்டு ஓடியா."

போனவள் வந்ததும் இன்னொருத்தி கை நீட்டினாள். கட்டை மறுபடி அக்கா கைக்கு வந்தபோது வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது.

"பெரிய வள்ளல்னு நெனப்பா உனக்கு?" என்று கத்தினார் தம்பி.

"புள்ளத்தாச்சிடா அவ. கட்டி எங்க ஓடிடப் போவுது? அடுத்த வருஷம் வண்டி வரும்ல?"

கட்டி எங்கேயும் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே குடித்தனம் நடத்திக் குட்டி போட்டது.

ஆபீஸில் கணக்குப் பார்க்கிற அம்மாவுக்கும் அதே நாள், அதே வண்டியில்தான் கட்டி தெரிந்தது. அறுத்து எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார், "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரிக்கிறார். நல்ல மனுஷி. அதுவே பாய்லர்காரருக்கு முள்ளாய்க் குத்துகிறது.

"ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டபோது அக்கா சொன்னாள்: "கட்டை கிடைக்கல டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை.

அக்கா போனபிறகு குழாய் தட்டத் தொடங்கியது. எப்போதும் இரண்டு தட்டு. உள்ளே தண்ணீர் தேங்கினால் அப்படித்தான் என்று ஃபிட்டர் பழைய குழாயைக் கழற்றிப் புதுசு மாட்டினார். புதுசும் தட்டியது. பாய்லர்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார். எவள் கையும் குழாயில் இருக்காது. ஆணியில் கட்டை மட்டும் லேசாய் ஆடிக்கொண்டிருக்கும்.

இன்று, அவள் போனபின் முதல்முறையாக, வண்டி முற்றத்துக்குள் திரும்புகிறது. கட்டை இல்லாமல் எவளும் நகரக்கூடாது என்று மேஸ்திரி கூடத்தில் கத்திக்கொண்டிருக்கிறான். வேலை போனால் இந்த வயதில் எவன் சேர்த்துக்கொள்வான் என்று பாய்லர்காரருக்கும் தெரியும். கை என்னவோ நீராவி வால்வின் மேல் இருக்கிறது. குழாய் தட்டுகிறது, இரண்டு தட்டு.

ஆஸ்பத்திரியிலும் அக்கா அப்படித்தான் தட்டினாள், கட்டில் கம்பியில், விரலால். அவர் காதைக் கொண்டுபோய் வைத்தார்.

"அடுத்த தடவ வண்டி வர்றப்போ நீராவிய நிறுத்திடுடா, கரிமூஞ்சி. மெஷினே ஓடலேன்னா கட்டை எதுக்கு? எல்லாரும் போய்ப் பாத்துட்டு வரட்டும்."