ராசியான பிரிண்டர்

அரியலூரில் சிமென்ட் லாரிகளுக்கு லோடு பில் போடும் ஆபீஸ் அது. நெட்வொர்க் மக்கர் பண்ணினால் பெரம்பலூரிலிருந்து நான்தான் போவேன். ஒரு வாரமாக நெட் நகரவே இல்லை என்று மேனேஜர் போனில் கத்தினார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். யோசிக்காமல், "யாராச்சும் வீடியோ பாத்துக்கிட்டிருப்பாங்க சார்" என்று சொல்லித் தொலைத்தேன். காரணம் தெரியாதபோது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது அதுதான்.

மறுநாள் போனால், பில் போடும் கலா கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். வெளியே பில்லுக்குக் காத்திருந்த டிரைவர்கள் ஹாரனை விடச் சத்தமாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொன்னதுதான் சார் கரெக்ட்டு," என்றார் மேனேஜர். "எந்நேரமும் போனும் கையுமா இருக்கறது இவதான். இன்னையோட வேலைய வுட்டு நிப்பாட்டிட்டேன்."

"எம்புள்ளைக்குக் காய்ச்சலுங்க, அதான் போன வச்சிருந்தேன்," என்ற கலா, என் பக்கம் திரும்பினாள். "சார், நான் வீடியோ பாத்தத நீங்க பாத்தீங்களா?"

சுருக்கென்றது. எல்லா கம்ப்யூட்டர் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்த பெட்டியைத் திறந்தேன். விளக்குகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி மின்னின. கலாவின் கேபிளைப் பிடுங்கினேன். மின்னுவது குறையவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, திரும்ப மாட்டினேன். மரியாதைக்காகக் கடைசியில் விட்டுவைத்திருந்த மேனேஜர் கேபிளைப் பிடுங்கியதும் கப்சிப்.

"என் மெஷினா? டெய்லி தொட்டுக் கும்புடறேனே சார்!"

கும்பிட்டால் ஆச்சா? அதற்குள்ளே ஒரு பிரிண்டர் சாஃப்ட்வேர், தன் பிரிண்டரைக் காணோம் என்று நெட்வொர்க் முழுக்க மூச்சுவிடாமல் கூவிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிண்டரோ அவர் தலைக்கு மேலே, பீரோ மேல், ஆயுத பூஜைச் சந்தனம் குங்குமத்தோடு, ஒயரே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"அது ராசியானது சார். மொத பில்லே அதுலதான் வந்துச்சு. போன வாரம் செத்துப்போச்சு, புதுசு மாட்டிட்டோம். பழசோட பேரு மட்டும் கம்ப்யூட்டர்ல இருக்கட்டும், எடுக்காதீங்கன்னுட்டேன்."

"எடுக்கலாமா சார்?"

கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எடுங்க" என்றார். எடுத்தேன். கேபிளை மாட்டியதும் பில் சரசரவென்று வந்தது.

"சரிம்மா, உக்காந்து பில்லப் போடு," என்றார் மேனேஜர், ஒன்றுமே நடக்காதது போல.

கலா உட்காரவில்லை. என்னையே பார்த்தாள்.

"தப்பு என்னுதும்மா. பாக்காம சொல்லிட்டேன்."

"வெளியில நிக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க சார். என்னைத்தான் அத்தன பேரும் திட்டினாங்க."

வாசலுக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

இப்போது யார் போனில் காரணம் கேட்டாலும், "வந்து பாத்துட்டு சொல்றேங்க" என்கிறேன். பெரிய டாக்டரு, நாடி பாக்காம சொல்ல மாட்டாரு என்று நக்கலடிக்கிறார்கள். அடிக்கட்டும்.