ஏப்பத்தைக் குறைக்க வந்தவள்

மாடு ஏப்பம் விட்டால் உலகம் சூடாகிறதாம். என் கொட்டகையில் நின்றுகொண்டு என் பள்ளித்தோழி இதைச் சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவள் மேலே மேலே படித்து ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் ஆனாள். நான் அப்பா விட்டுப்போன மாடுகளோடு நின்றுவிட்டேன். பன்னிரண்டு மாடுகள், ஒரு பழைய வேன், காலையில் பிரிக்பீல்ட்ஸ் வரை பால் வாடிக்கை. அவ்வளவுதான் நான்.

"சிரிடி, சிரி. தின்ன புல் மாட்டு வயித்துல புளிக்கும்போது மீத்தேன்னு ஒரு கேஸ் உண்டாகுது. ஏப்பத்துல வெளிய வருது. கார் புகை மாதிரி அதுவும் கெடுதல்தான்," என்றாள்.

அதைக் குறைக்கச் செடிகளிலிருந்து சாறெடுத்து உருண்டையாக்கியிருக்கிறார்களாம். புண்ணாக்கோடு ஒரு கைப்பிடி கலந்து வைத்தால் போதுமாம். சோதித்துப் பார்க்க அவளுக்கு மாடு வேண்டும். "உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் உருகிப்போய்ப் பன்னிரண்டு மாடுகளையும் அவளிடம் விட்டேன்.

என்ன செடி என்று கேட்டேன். எல்லாம் மூலிகைதான் என்றாள். உருண்டைகளில் செராய்ப் புல்லின் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருந்தது. மாடுகள் தொட்டியை நக்கி நக்கித் தின்றன. "என் பால் கோயிலுக்குப் போகுது, பார்த்துக்க," என்று மட்டும் சொல்லிவைத்தேன். "எனக்குத் தெரியாதா?" என்றாள். பிரிக்பீல்ட்ஸில் நான் பால் கொடுக்கும் கோயிலுக்குத்தான் அவளும் வெள்ளிக்கிழமை தவறாமல் போவாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை மாட்டின் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "மாட்டுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். ஏப்பம் அளக்கிறார்கள் என்றேன். ஆன்டி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தோழி மட்டும் திரும்பி, "குறையுதுடி!" என்று கத்துவாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பரீட்சையில் தோற்றுப்போய்ப் படிப்பை விட்டவளின் மாடுகள் உலகத்துக்கே நல்லது செய்கின்றன என்றால் சும்மாவா?

மூன்றாம் மாதம் புது மூட்டைகள் வந்தன. உருண்டைகள் கொஞ்சம் பெரியவை, மெழுகு பூசியதுபோல் வழவழப்பு. "அதேதான். மேல கோட்டிங் மட்டும் புதுசு," என்றாள். நம்பினேன். அடுத்த வாரம் ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் டீயில் ஏதோ வாடை என்றார். "பாத்திரத்த நல்லாக் கழுவுங்கண்ணே," என்று அவருக்கே புத்தி சொல்லிவிட்டு வந்தேன். நாள் முழுக்கப் பாலோடு புழங்கும் எனக்குப் பால் இறங்காது. வீட்டில் பால் சேர்க்காத கோப்பி ஓதான். கொஞ்சம் வாயில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

பிரதோஷத்தன்று அபிஷேகத்துக்குக் குடத்தைத் தூக்கிய குருக்கள் அப்படியே நின்றுவிட்டார். முகர்ந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, பால்ல பூண்டு வாடை அடிக்குதே?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாமிக்கு ஆகாத பொருள் பூண்டு. எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. அப்பா காலத்திலிருந்து கொடுக்கிற பாலை இப்படி ஒருவர் சொல்லிவிட்டாரே என்று வெளியே ஓடித் தோழிக்கு ஃபோன் போட்டேன்.

"உருண்டையில பூண்டு ஏதும் இருக்கா? மறைக்காமச் சொல்லுடி. கோயில்ல நிக்கிறேன்."

"பூண்டா? சேச்சே, அதெல்லாம் இல்லடி. அவருக்கு வயசாச்சுல்ல, ஏதாவது சொல்லுவாரு."

உள்ளே போனேன். தட்டில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, என் பிள்ளைமேல் ஆணை, மாட்டுக்குப் பூண்டு கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். குருக்கள் பதறிப்போனார். "வேணாம்மா, நீ சொன்னாப் போதும்," என்று குடத்தைச் சாய்த்தார். பால் லிங்கத்தின்மேல் வழிந்து ஓடியதை நான் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கை எரிந்தது. மனசு குளிர்ந்திருந்தது.

சோதனை முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு என்னையும் அழைத்தாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அவள் மலாயில் பேசினாள். திரையில் என் சிவப்பு மாடு தெரிந்ததும் எல்லாருக்கும் முன்னால் நான்தான் கை தட்டினேன். அடுத்த படத்தில் உருண்டையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வரிசையாகப் போட்டிருந்தது. இரண்டாவது வரியில் பாவாங் பூத்தே. பாசாரில் தினமும் காதில் விழுகிற பெயர். புரியாதவர்களுக்காக உரித்த பூண்டுப் பற்களின் படம் வேறு.

அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. தேநீர் இடைவேளையில் கறிபாப் தட்டோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கற்பூரம் அணைச்சேன்டி. பிள்ளைமேல சத்தியம் பண்ணேன்," என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "மெதுவாப் பேசு. நீ சத்தியம் பண்ணுவேன்னு எனக்கு என்ன தெரியும்? புது மூட்டையிலதான் பூண்டெண்ணெய். வாடைக்கு மாடு ஒதுக்கக்கூடாதுன்னுதான் மேல கோட்டிங். இன்னும் ஒரு வாரந்தான் பாக்கி இருந்துச்சு. சொன்னா நிறுத்திருப்பே. எல்லா வேலையும் பாழாப் போயிருக்கும்."

"நாலு மாட்டைக் கோயிலுக்குன்னு ஒதுக்கிட்டு, எட்டை உனக்கு விட்டிருப்பேன். கேட்டியா நீ?"

கேட்டிருக்கலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியது போல. மாடு மேய்க்கிறவள், சாமி பூதம் என்று பயப்படுகிறவள், இவளிடம் போய் என்ன சொல்வது என்று நினைத்திருக்கிறாள். பூண்டை மறைத்ததைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாட்டின் ஏப்பம் கெடுதல் என்று அவள் சொன்னதை நம்பியவள் நான். இன்றைக்கும் நம்புகிறேன்.

மறுநாள் காலை நேராகக் குருக்களிடம் போய், பாலில் பூண்டு இருந்தது, நான் செய்தது பொய்ச் சத்தியம் என்றேன். யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். வாய்வரை வந்தது. வெள்ளிக்கிழமை அவள் அங்கே வந்து நிற்பாள் என்ற நினைப்பில் நிறுத்திக்கொண்டேன். "என் தப்புதான் சாமி. விசாரிக்காமத் தீனி வச்சிட்டேன்," என்றேன். பரிகாரம் சொன்னார், செய்தேன். பாலை மட்டும் இனி வேண்டாம் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. இப்போது அபிஷேகம் பெட்டிப்பாலில் நடக்கிறது.

கோயிலுக்குப் போய்வந்த அன்று மாலையே அவள் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் மன்னித்துவிடவும் தயாராகத்தான் இருந்தேன்.

"குருக்கள்கிட்ட என் பேரைச் சொன்னியா?"

"இல்ல."

"தேங்க்ஸ்டி," என்றாள். என்னை என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவே இல்லை.