வடக்கு பார்த்து உட்காருபவர்

மயிலாப்பூரில் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்துக்கு ஒரு வரைபட வாத்தியார் வந்தார். ஒல்லியான உடம்பு, கக்கத்தில் சுருட்டிய மேப், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் திசைகாட்டி. எங்கே போனாலும் அதைப் பார்த்து, வடக்கு நோக்கித்தான் உட்காருவார்.

செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் மேப் போட, பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பே கிடையாதாம். சேர்ந்தது இரண்டே பேர்.

ஆனால் திசைகாட்டியைக் கண்டதும் பெரியவர்கள் மொய்த்துக்கொண்டோம். அப்போது ஊரெல்லாம் வாஸ்துப் பைத்தியம்.

"சார், எங்க பூஜை ரூம் ஈசான்ய மூலையிலதானே இருக்கு?" என்று நானும் கேட்டேன்.

"நான் வாஸ்து பாக்கறவன் இல்லம்மா," என்றார் அழாக்குறையாக. பிறகு என்ன தோன்றியதோ, "உங்க பொண்ணை வகுப்புக்கு அனுப்புங்க. அவளே அளந்து சொல்லுவா," என்றார்.

மறுநாள் மண்டபத்தில் இருபது பிள்ளைகள். எல்லாம் பெற்றோர் துரத்திவிட்ட கூட்டம்.

மூன்றாம் வாரம் என் மகள் வீட்டை அளந்து வரைந்து காட்டினாள். "நம்ம தெருவே கோணல்மா. சாமி இருக்கறது ஈசான்யம் இல்ல, நேர் கிழக்கு."

பதறிப்போய் வாத்தியாரிடம் ஓடினேன். "சாமியை இடம் மாத்தணுமா சார்?"

அவர் கைகூப்பினார். "சாமி அங்கயே இருக்கட்டும்மா. பொண்ணை மட்டும் நிறுத்திடாதீங்க."

சாமியையும் மாற்றவில்லை, மகளையும் நிறுத்தவில்லை. மகள் இன்று மேப் போடும் வேலையில்தான் இருக்கிறாள். எங்கள் வாஸ்து ஆசையைத் தூண்டிலாக்கிப் பிள்ளைகளைச் சேர்த்த அவர் எங்களை ஏமாற்றினாரா, நல்லது செய்தாரா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. விளக்கேற்றும்போது அவருக்காகவும் வேண்டிக்கொள்வேன், இப்போது எந்த ஊரில் வடக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறாரோ என்று நினைத்தபடி.