ஒன்றரை மீட்டர்

நில அளவை செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீடு தீவில், ஜார்ஜ் டவுனில். வேலை பெரும்பாலும் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில். செபராங் ஜெயாவுக்கு அருகே ஒரு தாமான் குடியிருப்பை ஒட்டிக் கிடந்த காலி நிலத்தை அளக்க என்னை அனுப்பினார்கள். பல வருடங்களாக அங்கே லோரிகள் நின்றுகொண்டிருந்தன. துறைமுகத்தில் முறை வரும்வரை ஓட்டுநர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். சமையல், குளியல், தூக்கம் எல்லாம் அங்கேயே. தாமான்காரர்கள் புகார் கொடுத்த பிறகு, நிலத்துக்காரர் முறையான அனுமதி கேட்டு மனுப் போடவேண்டி வந்தது. மனுவுக்கு வரைபடம் தேவை.

லோரி நிற்கும் இடத்துக்கும் குடியிருப்பின் எல்லைக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பது விதி. நிலத்தின் மறுபுறம் பெரிய கால்வாய். அதன் ஓரத்திலும் இடம் விட வேண்டும். இரண்டையும் விட்ட பிறகு லோரிகள் நிற்கவும் திரும்பவும் இடம் மிஞ்சினால்தான் அனுமதி.

அன்று என்னோடு வரவேண்டிய சக ஊழியருக்குக் காய்ச்சல். கருவியை முக்காலியில் பொருத்திவிட்டேன். எதிர்முனையில் அளவுகோலைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. ஒரு லோரியின் நிழலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் எழுந்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர்.

"ஏன் தங்கச்சி தனியா கஷ்டப்படுறீங்க? எப்படிப் பிடிக்கணும்னு சொல்லுங்க, நான் பிடிக்கிறேன்."

கோலில் ஒரு சின்ன நீர்மட்டம் இருக்கும். அதற்குள் குமிழி நடுவில் நின்றால் கோல் நேராக இருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறைதான் காட்டினேன், பிடித்துக்கொண்டார். கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தபோது அவர் முகம் கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தது. குமிழி ஆடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையைத் தூக்கிய பிறகுதான் மூச்சு விட்டார்.

கடைசி வீட்டுக்காரம்மா பின்வேலிக்கு வந்து நின்றார். "ஏசிக்காக நாள் முழுக்க எஞ்சின ஓட்டுறாங்க மா. புகை நேரா அடுப்படிக்குள்ள வருது. என் மகளுக்கு மூச்சு இழுக்குது. வந்து பாருங்க." எட்டிப் பார்த்தேன். ஆறு வயதிருக்கும் பெண், மூச்சுக்கு மருந்து செலுத்தும் மூடியை முகத்தில் மாட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டின் எல்லைக்கல்தான் கடைசிப் புள்ளி. கோலைக் கொண்டுபோய் அதன் அருகே வைத்த ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"குறையுதா தங்கச்சி?"

"ஒன்றரை மீட்டர் குறையும் போலிருக்குண்ணே. கல்லு மேல வச்சாத்தான் சரியாத் தெரியும்."

காலால் புல்லை விலக்கிக் கல்லைப் பார்த்தார். "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கவா? இந்தப் புல்லுக்குள்ள கல்லு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியப்போகுது லா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"கல்லு மேலயே வைங்கண்ணே."

வைத்தார். மூச்சைப் பிடித்தார். குமிழி அசையவில்லை. ஒன்றரை மீட்டர் குறைந்தது.

மனு நிராகரிக்கப்பட்டது. நிலத்துக்கு வேலி போட்டார்கள். லோரிகள் நெடுஞ்சாலை ஓரத்துக்கு இடம் மாறின.

சில மாதங்கள் கழித்து, ஒரு மதியம் சாப்பாட்டுக் கடையில் இன்னொரு ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டுகொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "உங்களுக்குக் கோல் பிடிச்சாரே, தாசேக் கெலுகோர்க்கார அண்ணன். அவர் தவறிட்டார் மா, தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"ரோட்டோரம் நிறுத்திட்டு சீட்டுலயே உக்காந்த வாக்குல போயிட்டார். ஹார்ட். எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சா, தூங்குறார்னு எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க. மறுநாள் சாயங்காலம்தான் போலிஸ் கண்ணாடியை உடைச்சுச்சு. பழைய இடமா இருந்தா, சாப்பாட்டுக்கு வரலையேன்னு நாங்க யாராச்சும் போய்ப் பார்த்திருப்போம்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பாலில்லாத தே ஓவைக் குடித்துவிட்டு, எனக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த வரைபடத்தை எத்தனை முறை திறந்து கூட்டிப் பார்த்தேன் என்று தெரியாது. எண் மாறவில்லை. நான் அளந்தது சரி. தவறாக அளந்திருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

வேலையின்போதுதான் அன்று கோல் பிடித்தவர் வருகிறார். கெப்பாலா பத்தாஸ் வயல் ஓரத்தில், வெட்ட வெயிலில், கருவிக்குள் கண்ணை வைக்கிறேன். கோல் பிடித்திருப்பது என் மலாய்க்காரச் சக ஊழியர். ஒரு கணம் வேறு முகம் தெரிகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் கையைத் தூக்காமல் அதற்கு மூச்சு விட முடியாது என்று தோன்றி அவசரமாகக் கையைத் தூக்கிவிடுகிறேன், எண் பதிவாகும் முன்பே. மறுபடி அளக்கவேண்டி வருகிறது. ஒருநாள் என்னை அறியாமல் தமிழில் ஏதோ சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். யாரிடம் பேசினீர்கள் என்று சக ஊழியர் மலாயில் கேட்டார். போனில் என்று பொய் சொன்னேன். போன் காரில் இருந்தது, அது அவருக்கும் தெரியும்.

போன மாதம் அந்தத் தாமானுக்குப் போனேன். வேலை எதுவும் இல்லை. கடைசி வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறந்து உள்ளே உட்கார வைத்தார். மகளை அழைத்துக் காட்டினார். "லோரிங்க போனதிலேருந்து ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்கு ஓடல மா. நல்லா ஓடியாடுறா. நீங்கதான் நேர்மையா அளந்தீங்க. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

இறந்துபோன ஓட்டுநரைப் பற்றிச் சொல்லத்தான் போயிருந்தேன். யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண் என் எதிரே நின்று, மூச்சில் இழுப்பே இல்லாமல், பள்ளிப் பாட்டொன்றை முழுதாகப் பாடிக் காட்டினாள். அம்மா சூடான வாழைப்பழப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். இரண்டு சாப்பிட்டேன். பாட்டு நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டேன்.