பலகை மாட்டிக்கொண்ட வாத்தியார்

தனஞ்செயன் சார் இறந்த செய்தியை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலைதான் சொன்னான். இப்போது திண்டிவனம் வண்டியில் கண்டக்டர். ஒரு காலத்தில் எங்கள் இருவரிடமும் படித்தவன். "நம்ம தனஞ்செயன் சாரு போயிட்டாருங்க. நேத்து காலம்பற," என்றான். அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். திண்டிவனம் வரை அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று சாரோடு பழகிய உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் நாங்கள் இருவரும் இங்கிலீஷ் வாத்தியார்கள். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். என் வகுப்பில் 'நான் தமிழ் பேசினேன்' என்று எழுதி, கயிறு கோத்த மரப்பலகை ஒன்று உண்டு. இங்கிலீஷ் மணியில் தமிழ் பேசியவன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தவன் தமிழ் பேசினால்தான் அவனுக்கு மாற்றலாம். மாட்டியிருப்பவனே மறுபடி பேசினால் பிரம்பு. ஒரே மாதத்தில் தமிழ்ச் சத்தம் அடங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

தனஞ்செயன் சார் மட்டும் கேட்டார்: "தமிழ் நின்னுபோச்சு, சரி. இங்கிலீஷ் எங்க சார்? எனக்கு ஒண்ணும் காதுல விழலியே."

பொறாமை என்று நினைத்தேன்.

யாருமே வாய் திறக்காததால் பலகை, கடைசியாகத் தமிழ் பேசிய ஏழுமலை கழுத்திலேயே தங்கிவிட்டது. எட்டு நாள். ஒன்பதாம் நாள் அவனுக்கு வயிற்றுவலி. வெளியே போக இங்கிலீஷில் கேட்கத் தெரியாது. தமிழில் கேட்டால் பிரம்பு. பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். சொன்னால் பலகை தங்கள் கழுத்துக்கு வந்துவிடும். நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் மயங்கி விழுந்த சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள், தட்டியைச் சுற்றி ஓடிவந்து அவனைத் தூக்கியவர் தனஞ்செயன் சார்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தம் வகுப்புக்கு எடுத்துப் போனார். தாம் இங்கிலீஷில் தப்பாகப் பேசினால் கண்டுபிடித்து இங்கிலீஷிலேயே சொல்ல வேண்டும் என்றும், உடனே பலகையைத் தாமே மாட்டிக்கொள்வதாகவும் பையன்களிடம் சொன்னார். தப்புக்கா பஞ்சம்! தட்டிக்கு அந்தப் பக்கம் "நோ சார், ராங் சார்" என்று ஒரே கூச்சல். ஏழுமலையையும் தம் வகுப்புக்கு மாற்றிக்கொண்டார். ஒருநாள் அவன் குரலும் கேட்டது.

"ஒருநாள் வாங்க சார்," என்பார் என்னிடம். "நாம ரெண்டு பேரும் பசங்க முன்னால நின்னு இங்கிலீஷ்ல பேசிக்குவோம். நாம தடுமாறுறதைப் பாத்தா அவங்களுக்குப் பயம் போயிடும்."

விடைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன். உண்மை வேறு. புத்தகத்தில் இல்லாத ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை நான் நாலு பேர் முன்னால் பேசியதே இல்லை. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் புத்தகத்தை விட்டுத் தலையை எடுக்க மாட்டேன். என் பயத்தைத்தான் பலகையாக்கிப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டியிருந்தேன். அவருக்கு அது தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் விழுப்புரத்துக்கு மாற்றலான பிறகும், பார்க்கும்போதெல்லாம் "எப்ப வர்றீங்க?" என்பார்.

மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில் அவர் ஊர். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி உள்ளேயிருந்து அந்தப் பலகையைக் கொண்டுவந்தார். "இது உங்களுதாமே. ஒருநாள் கேட்டு வருவாருன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

திரும்பும்போதும் ஏழுமலையின் வண்டிதான். என் மடியில் இருந்ததைப் பார்த்தான். ஒரே பார்வையில் அடையாளம் தெரிந்துவிட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்:

"கயிறு உறுத்துங்க சார். மாட்டிக்கிறதா இருந்தா துணி சுத்திக்குங்க."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பலகையும், நான் போகாத அந்த ஒரு நாளும்தான். திங்கட்கிழமை முதல் மணி நாலாம் பாரத்துக்கு இங்கிலீஷ். மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகப் போகிறேன். கயிற்றில் துணி சுற்றவில்லை.