நானூறு இடது கைகள்

என் அக்கா சட்டை தைக்கும் கூடம் ஒன்றில் கட்டிங் மாஸ்டர். அதே கூடத்தில் நான் இஸ்திரி போடுகிறேன். அவளுக்கு பைபோலார் என்கிற மனநோய் இருக்கிறது. இதை நான் இப்போதுதான் வாய் திறந்து சொல்கிறேன். அவள் ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் அம்மாவுக்கும் அதுதான். சில மாதம் ஓயாமல் பேசுவாள், சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அப்பா அவளைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார். யார் கேட்டாலும் "ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்ல எங்களைப் பழக்கினார். பதினோரு வருடம் அம்மா ஊரிலேயே இருந்தாள். டாக்டரிடம் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமாம். அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் செத்தபோதும் அவர்கள் வந்து பார்க்கவில்லை.

அக்காவுக்கு முப்பத்தொன்றாவது வயதில் வந்தது. மூன்று நாள் தூங்கவில்லை. உற்சாகம் தாங்காமல் இருநூறு சட்டைக்கான துணியை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினாள். சட்டையின் கைத்துணிக்குப் பேட்டர்ன் அட்டையை ஒரு தடவை திருப்பிப் போட்டு வரைந்தால்தான் இடது, வலது என்று ஜோடி வரும். அவள் திருப்பவே இல்லை. நானூறும் இடது கை. அன்றிலிருந்து கூடத்தில் அவள் பெயரே 'இடதுகை' என்றாகிவிட்டது.

வேறு யாராவது என்றால் அவமானத்தில் வேலையை விட்டிருப்பார்கள். அவள் டாக்டரைப் பார்த்தாள், மாத்திரை போட்டாள், இரண்டு மாதம் கழித்து அதே மேசை முன்னால் வந்து நின்றாள். "இடதுகை வந்துட்டேன், இன்னைக்கு என்ன ஆர்டர்?" என்று அவளே கேட்டாள். யார் வீட்டு விசேஷமானாலும் ஒன்பது மணிக்குப் படுக்கை. தூங்கிய நேரத்தைக் காலண்டரில் குறிப்பாள். எனக்கும் ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறாள். "இன்னைக்குக் கத்தி வேணாம்க்கா" என்று நான் சொன்னால் அவள் துணி வெட்டும் மிஷினை நிறுத்திவிட வேண்டும். உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நிற்பவள், இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசியதில்லை. ஏழு வருடத்தில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் புது மேனேஜர் வந்தார். எல்லோருக்கும் ஒரு ஃபாரம் கொடுத்தார். 'மனநோய் உண்டா? ஆம் / இல்லை.'

"இல்லைன்னு போட்டுடுக்கா. கட்டிங்ல இருந்து தூக்கிடுவாங்க," என்றேன்.

"நீ என்ன போட்ட?"

"இல்லைன்னுதான்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு வருடமாக எனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், செத்துவிடுவேன் என்று தோன்றும். பாத்ரூம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளுக்கு மட்டும்தான் தெரியும். டாக்டரிடம் வா என்று அவள் கூப்பிடுவதும், நாளைக்கு நாளைக்கு என்று நான் நழுவுவதும் வழக்கமாகிவிட்டது.

"நம்ம வீட்ல ஒருத்தி ஊருக்குப் போனது போதும்டா," என்றாள். 'ஆம்' என்பதில் டிக் அடித்து, பக்கத்திலேயே பைபோலார் என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மறுநாள் மேனேஜர் கட்டிங் மேசைக்கே வந்தார். "நாளையிலிருந்து மடிக்கிற பக்கம் போயிடுங்கம்மா. கத்தி விஷயம், ரிஸ்க் எடுக்க முடியாது."

"திரும்பி வந்த நாள்ல இருந்து எத்தனை துணி வீணாக்கியிருக்கேன்னு ரெஜிஸ்டரைப் பாருங்க சார். போன வருஷம் சூப்பர்வைசர் சார் காலர் அளவைத் தப்பாக் குடுத்து முந்நூறு சட்டை போச்சு. அவருக்கு என்ன நோய்னு கேட்டீங்களா?"

யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் தன் நகத்தை ஆராயத் தொடங்கினார்.

"அறுபத்திரண்டு பேர்ல உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை. ஒரே ஒருத்தருக்காக நான் மேல பேச முடியாதும்மா."

அக்கா நினைத்திருந்தால் என்னைக் கைகாட்டியிருக்கலாம். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "சார், என் ஃபாரத்தைக் கொஞ்சம் குடுங்க. தப்பாப் போட்டுட்டேன்."

பிறகு பட்டன் தைக்கிற அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னுதையும் குடுங்க."

அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது ஃபாரம் 'ஆம்' என்று திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. "மேல கேட்டுச் சொல்றேன்," என்று போன மேனேஜர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா வெட்டிக்கொண்டிருக்கிறாள்.