கருந்திரிக்காரர்

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். புருவத்தில் எப்போதும் அலுமினியப் பொடி மின்னும். லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலேயே பட்டாசுக்குக் கருந்திரி செய்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டிக் காயவைப்பார். பீடி பற்றவைக்க மட்டும் தெருக்கோடிக்குப் போவார்.

எனக்குத் துபாய் வேலைக்கு விசா வந்தது. வீட்டில் உடைந்த ஓடுகளை மாற்றினேன். பெட்டியும் கட்டியாயிற்று. அந்தத் திரிதான் மிச்சம். யாரிடமும் அதிகம் பேசாத நான் அவர் வாசலில் போய் நின்றேன்.

“அண்ணாச்சி, நான் திரும்பி வர ரெண்டு வருசமாகும். பொண்டாட்டி புள்ளைக தனியா இருக்கும். திரியை வேற எங்கனயாவது வச்சுக்கோங்க.”

“துபாய்க்காரரு உத்தரவு போட வந்துட்டாராக்கும்! முடியாதுலே.”

“வெடிச்சா எங்க வீடும் சேந்துதானே போகும்?”

“எம் புள்ளைக மட்டும் லாட்ஜ்லயா படுத்திருக்கு? இதே திரிக்குப் பக்கத்துலதாம்லே தூங்குது. போலே!”

மறுநாளே மனைவியையும் பிள்ளைகளையும் வெம்பக்கோட்டையில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வீட்டைப் பூட்டினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த ஆளை எனக்கு இன்றும் பிடிக்காது. எப்படித்தான் அங்கே படுத்துத் தூங்கினாரோ, விளங்கவில்லை. ஆனால் துபாயில் இருந்தவரை, எங்கள் தெருக்காரர் யார் போனில் பேசினாலும், என் வீட்டைப் பற்றி விசாரிக்கும் முன் அந்தக் கருந்திரிக்காரருடைய பிள்ளைகளைத்தான் விசாரித்தேன்.